நல்ல தண்ணீர்ப் புழு

வாரத்துக்கு ஒரு நாள், வீட்டில் தண்ணீர் நிற்கும் எல்லாப் பாத்திரங்களையும் கொட்டி, தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைக்க வேண்டும். கொட்ட முடியாதவற்றைக் கொசு நுழையாதபடி மூடி வைக்க வேண்டும். இதுதான் விதி. மாநகராட்சி ஆட்டோ இதை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே போகும். காலடிப்பேட்டையில் எங்கள் தெருவில் அதைக் கேட்டுத் தலையாட்டாதவர் இல்லை, கடைப்பிடித்தவரும் இல்லை. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் தெருவில், பிடித்து வைத்த டிரம்மை யார் கொட்டுவார்கள்?

நான் கொட்டாததற்குக் காரணம் வேறு. ஓய்வு பெற்ற பிறகு மொட்டை மாடியில் ஃபைட்டர் மீன் வளர்த்துக்கொண்டிருந்தேன். ஆண் மீன் தண்ணீரின் மேல் நுரையால் கூடு கட்டும். பெண் இடும் முட்டைகளை ஒவ்வொன்றாக வாயில் பொறுக்கி அந்த நுரையில் ஒட்டும். அந்தத் தொட்டியின் தண்ணீரை யாரும் தொடக் கூடாது. இதுவும் விதிதான், ஆட்டோவில் சொல்வதில்லை என்பதைத் தவிர.

துறைமுகத்தில் ஆபத்தான சரக்குகளுக்கான பிரிவில் வேலை பார்த்தவன் நான். எந்தப் பொருளின் பக்கத்தில் எந்தப் பொருளை இறக்கி வைக்கக் கூடாது என்று பிறருக்குச் சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்கினேன். என் மாடியைப் பார்த்தால் அது புரியும். ஆண் மீன்கள் தனித்தனி ஜாடியில், ஒன்றை ஒன்று பார்த்து முறைக்காதபடி நடுவில் அட்டை. ஜாடிகளுக்கு எண். குளோரின் போக வெயிலில் வைத்த தண்ணீர். மீனுக்கு நல்லது என்று தொட்டியில் போடும் பாதாம் இலை கூடக் கழுவி, காயவைத்து, அளவாக வெட்டியதுதான் உள்ளே போகும்.

என் முறை எதையும் ஒப்புக்கொள்ளாதவர் ஒருவர் இருந்தார். வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய். கொளத்தூரில் மீன் வாங்கப் போன இடத்தில் பழக்கம். அவரும் மாடியில் ஃபைட்டர் வளர்க்கிறார். அவர் என்னை நீ என்பார், நான் அவரை நீங்கள் என்பேன். இருவரும் அதைத் திருத்திக்கொள்ளவில்லை. குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் தகப்பன் மீனை எடுத்துவிட வேண்டும் என்பேன் நான். இல்லையென்றால் பசியில் பிள்ளைகளையே தின்றுவிடும். "அதெல்லாம் உன் வூட்டு மீனு. எம் மீனு புள்ளைங்களோட புள்ளையா சுத்திகினு கீது" என்பார் அவர்.

எங்கள் பெரிய சண்டை தீனியைப் பற்றியது. முட்டையிடத் தயாராகும் ஜோடிக்கு உயிருள்ள தீனி கொடுக்க வேண்டும். அதில் சிறந்தது கொசுப்புழு. இதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அந்தப் புழுவை எந்தத் தண்ணீரில் வளர்ப்பது என்பதில்தான்.

"கலீஜ் தண்ணி வைக்கணும் ஆபீசர். வாழப்பழத் தோலு, முட்டகோஸ் இலை, எல்லாம் போட்டு அழுவ வுடணும். புழு இம்மாம் பெருசா கொழுகொழுன்னு நிக்கும்."

"அந்தத் தண்ணியில நாத்தம் குடலைப் புரட்டுது பாய். அந்தப் புழுவைப் போட்டா மீனுக்கு வயிறு ஊதும்."

"எம் மீனு வயிறு ஊதுச்சின்னு உன்னாண்ட வந்து அழுதுச்சா? நீ இன்னாடான்னா புழுவுக்கு மினரல் வாட்டர் வைக்கிற. கொசுவுக்கே சிரிப்பு வரும் நைனா."

நான் வைத்தது மினரல் வாட்டர் இல்லை. மழைத் தண்ணீர். அரை டிரம் ஒன்றை மாடியின் நிழலான மூலையில் வைத்து, அதில் மழைத் தண்ணீரை நிரப்பி, புழு தின்னக் கொஞ்சம் ஈஸ்ட் தூவினேன். கொசு முட்டையிட்டதும் மேலே நைலான் வலையைக் கட்டிவிடுவேன். புழு கூட்டுப்புழுவாகிப் பறக்கும் முன்பே சல்லடையில் வடித்து மீனுக்குப் போட்டுவிடுவேன். ஒரு கொசுவும் வெளியே போகாத ஏற்பாடு. காகிதத்தில் எழுதினால் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

வாராவாரம் ஒரு பெண் கொசு மருந்து ஊற்ற வருவார். மாநகராட்சி ஒப்பந்தப் பணியாளர், முழங்கால் வலிக்காரர். கீழே நின்றபடியே கேட்பார்:

"சார், மேல இன்னா கீது?"

"மீன் தொட்டி."

"மீன் கீற தொட்டின்னா ஒண்ணும் இல்ல சார். மீனே துன்னுடும்." கதவில் ஒட்டிய அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

கேட்ட கேள்விக்குச் சரியான பதில். என் பதவிக்காலம் முழுவதும் நான் கடைப்பிடித்த கொள்கை அது.

ஆவணியில் மகளுக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம், தலைப்பிரசவம். கட்டிக்கொடுத்த இடம் பெரம்பூர். அவளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து, இங்கேயே வளையல் போட்டு, ஐந்து வகைச் சோறு பரிமாறினோம். மாடியில் சமையல். சமையல்காரர்கள் அண்டா வைக்க இடம் வேண்டும் என்று என் ஜாடிகளைத் தள்ளி வைத்தார்கள், அரை டிரம்மையும் நகர்த்தினார்கள். விருந்தினர் போன பிறகு மேலே ஏறிப் பார்த்தேன். வலை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. உள்ளே தண்ணீர் தெளிவாக இருந்தது. எத்தனை புழு இருந்தது, எத்தனை பறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மறுபடி கட்டினேன்.

சில நாட்கள் கழித்து ஒரு மதியம் மகள் படுக்கையிலிருந்து எழுந்திருக்கவில்லை. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். நெற்றியைத் தொட்ட என் மனைவி கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அனல்.

பிரசவம் பார்க்கும் மருத்துவமனையிலேயே சேர்த்தோம். ரத்தம் எடுத்தார்கள். டெங்கு என்று சொன்னார்கள். வயிற்றில் குழந்தையின் துடிப்பைக் கேட்கும் கருவியை அடிக்கடி வைத்துப் பார்த்தார்கள். நர்ஸ் அதை வயிற்றில் நகர்த்தி நகர்த்தித் தேடும் அந்தச் சில நொடிகளில் நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். குதிரை ஓடுவது போல டக்டக்கென்று சத்தம் வந்ததும் மகள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். எனக்குச் சிரிக்க வராது.

டாக்டரம்மா வந்து கேட்டார்: "வீட்டில் நல்ல தண்ணி எங்கயாவது திறந்து வெச்சிருக்கீங்களா? இந்தக் கொசு சாக்கடையில வராது. நல்ல தண்ணியிலதான் முட்டை போடும். பகல்லதான் கடிக்கும்."

இது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. எந்தப் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டியிருப்பார்கள். தெரிந்த இரண்டு விஷயங்களை நான் அதுவரை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். பாயின் நாற்றத் தொட்டியில் வளர்வது சாதாரணக் கொசு. அது தூக்கத்தைக் கெடுக்கும், டெங்குவைக் கொண்டுவராது. சுத்தம் சுத்தம் என்று நான் வைத்த தண்ணீரைத் தேடி வரக்கூடியது மற்றது.

மனைவி என் பக்கம் திரும்பவில்லை. டாக்டரிடம் சொன்னாள்: "எங்க தெருவுல எல்லா வூட்டுலயும் டிரம்மு கீதுமா." என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள் என்று அப்போது நினைத்தேன். பிறகு வராந்தாவில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"இன்னாங்க, மேல வலை கட்டி வெச்சிருக்கீங்களே, அது நல்ல தண்ணிதானே?"

"ஆமா."

அவள் வார்டுக்குள் திரும்பிப் போனாள். இன்னும் கேட்டிருக்கலாம்.

ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. ஒவ்வொரு காலையும் ஒரு எண் வரும். அது முந்தைய நாளைவிடக் குறைவாக இருக்கும். மாப்பிள்ளை கையை மடக்கிக்கொண்டு சுவரோரம் நிற்பார். அவருடைய அம்மா மட்டும் ஒரு முறை சொன்னார்: "எங்க வூட்டுல இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்தா." யாரையும் குற்றம் சொல்லும் குரல் இல்லை அது.

வீட்டுக்கு வந்து மாடி ஏறினேன். வெயில் தகித்தது. அரை டிரம்மின் மூலையில் உட்கார்ந்து வலைக்குள் பார்த்தேன். புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன; என் நிழல் பட்டதும் ஒரே சமயத்தில் நெளிந்து கீழே இறங்கின. கூட்டுப்புழுக்கள் சில மேலே உருண்டுகொண்டிருந்தன. இத்தனை காலம் இவற்றைத் தீனி என்றுதான் பார்த்திருந்தேன். அன்று முதல் முறையாகக் கையை உள்ளே விடப் பயந்தேன்.

சாக்கடையில் கொட்டக் கூடாது, காய்ந்த தரையில்தான் கொட்ட வேண்டும். தெரியும். கொதிக்கும் தளத்தில் கொட்டினேன். அதற்கு முன் ஒரு ஜாம் பாட்டிலில் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டேன். எந்த இனம் என்று தெரிந்தால் போதும். நாற்றத் தண்ணீர்க் கொசு என்று சொன்னால் என் மகளைக் கடித்தது வேறு வீட்டு டிரம்மில் வளர்ந்தது. இல்லையென்றால், இல்லை.

மீன்களை எல்லாம் பாய் வந்து எடுத்துப் போனார். நுரைக்கூடு கட்டியிருந்த ஒரு ஆண் மீனின் தொட்டியை மட்டும் அப்படியே, தண்ணீர் அலையாமல், மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனார். சண்டை போட அவருக்கு நல்ல சந்தர்ப்பம். போடவில்லை.

"நான் கலீஜ் தண்ணி வைன்னு சொன்னது புழு கொழுக்கும்னுதான் ஆபீசர். கொசு ஜாதி எனக்கு இன்னா தெரியும்? என் வூட்டுலயும் கீழ பேரன் கீறான். நேத்தே நானும் கொட்டிட்டேன்."

படி இறங்கும்போது திரும்பிக் கேட்டார்: "பொண்ணுக்கு எப்டி கீது?"

"இன்னிக்கும் இறங்கிடுச்சு பாய்."

"இறங்குனது ஏறும். துவா பண்றேன்." தொட்டி சாயாமல் மெதுவாக இறங்கினார்.

ஜாம் பாட்டிலை மண்டல அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். சுகாதாரப் பிரிவில் ஒரு எழுத்தர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, மீன் தீனியா?"

"கொசுப்புழு. எந்த இனம்னு தெரியணும். பூச்சியியல் வல்லுநருக்கு அனுப்பணும்."

"வெளி ஆளு கொண்டாந்த சாம்பிளை எடுக்க மாட்டோம் சார். எங்க ஆளு வந்து எடுக்கணும்."

"விதி தெரியும். உங்க ஆளு மாடி ஏற மாட்டார். அதான் நானே கொண்டாந்தேன்."

"அப்ப ஆன்லைன்ல போடுங்க சார். நம்பர் வந்தா ஆளு வருவாங்க." பாட்டிலைத் திருப்பித் தரவில்லை. பாவம் பார்த்தாரோ என்னவோ, "இங்கயே கிடக்கட்டும், ஐயா வந்தா காட்டறேன்" என்று மேஜை ஓரத்தில் வைத்தார்.

வாசலில் நின்றபடியே கைப்பேசியில் மனு போட்டேன். புகாரின் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. தெருவிளக்கு, குப்பை, நாய், கழிவுநீர், கொசுத் தொல்லை. புழுவின் இனம் அறிதல் என்று ஒரு வகை இல்லை. வேறு வழியில்லாமல் கொசுத் தொல்லையைத் தொட்டேன். கீழே விவரத்தில் தெளிவாக எழுதினேன்: என் வீட்டு மாடித் தொட்டியிலிருந்து எடுத்து ஒப்படைத்த புழு எந்த இனத்தைச் சேர்ந்தது எனத் தெரிவிக்க வேண்டும். வாக்கியத்தில் எந்தப் பிழையும் இல்லை.

அடுத்த வாரம் நேரில் போய் விசாரித்தபோது பாட்டில் அதே இடத்தில் இருந்தது. மூடி தளர்ந்திருந்தது. தண்ணீர் தெளிவாக, காலியாக இருந்தது. மேலே சில வெற்றுத் தோல்கள் மிதந்தன.

"மூச்சு முட்டும்னு மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வெச்சேன் சார்" என்றார் எழுத்தர்.

கொசு ஒழிப்புக்கென்றே இருக்கும் அலுவலகத்தில், அரசு மேஜையின் மேல், என் சாட்சிகள் இறக்கை முளைத்துப் பறந்துபோயிருந்தன. அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரின் முழங்கையையும் பார்த்தேன். வெளியே வந்தும் கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தட்டணு எண்ணிக்கை இறங்குவது ஒரு நாள் நின்றது. மறுநாள் கொஞ்சம் ஏறியது. மகள் இட்லி கேட்டாள். குழந்தையின் துடிப்பு ஒழுங்காக இருக்கிறது என்றார் டாக்டரம்மா. பிறகு, வீட்டுக்கு அனுப்பும் முன், எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார்:

"ஒரு தடவை வந்துட்டதால இனிமே வராதுன்னு நினைக்காதீங்க. இதுல பல வகை இருக்கு. இன்னொரு வகை ரெண்டாவதா வந்தா, முதல் தடவை மாதிரி இருக்காது. பிரசவம் ஆகற வரைக்கும் கொசு கடிக்கவே கூடாது."

வெளியே வந்ததும் என் மனைவி முடிவு சொன்னாள். "அந்தத் தொட்டில இருந்தது எந்தக் கொசுன்னு தெரியற வரைக்கும் எம் பொண்ணு அந்த வூட்டுப் படி ஏற மாட்டா. அங்க இருந்து வந்த கொசு இன்னும் அங்கதான் கீதோ இன்னாவோ." தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு அழைத்த பெண்ணைத் திரும்ப மாமியார் வீட்டுக்கு அனுப்பினோம். எங்கள் பக்கத்தில் யாரும் செய்யாத காரியம். ஆட்டோவில் ஏறும்போது மகள் அழவில்லை. "அம்மா இல்லாம எனக்குப் பயமா இருக்குப்பா" என்று மட்டும் சொன்னாள். மெதுவாக, மாமியார் காதில் விழாதபடி.

மனைவி அன்றாடம் பெரம்பூருக்குப் போய் வந்தாள். போகும்போது கஞ்சி, வரும்போது வெற்றுத் தூக்கு. சம்பந்தி வீட்டில் உபசரிப்புக்குக் குறைவில்லை. அதுதான் அவளைத் தின்றது. தன் பெண்ணின் காலைப் பிடித்துவிட அடுத்தவர் வீட்டில் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. என்னிடம் ஒரே கேள்விதான் கேட்பாள்:

"பதில் வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

நான் வீட்டில் தனியாக வேட்டை நடத்தினேன். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பூந்தொட்டிச் சாசர், ஸ்விட்ச் பெட்டியின் இடுக்கு, பழைய டயர், அடுத்த வீட்டு சன்ஷேடில் கிடந்த தேங்காய் ஓடு. பகலில் எங்காவது ஒரு கொசு தெரிந்தால், கால்களில் வெள்ளை வரி இருக்கிறதா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போவேன். ஒன்றை அடித்துக் காகிதத்தில் வைத்துப் பார்த்தேன். நசுங்கியிருந்தது. வரி இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

இணையத்தில் மனுவின் நிலை 'பரிசீலனையில்' என்றே காட்டியது. நினைவூட்டல் அனுப்பினேன். நினைவூட்டலுக்கும் ஒரு எண் கொடுத்தார்கள்.

புரட்டாசியில் முழங்கால் வலிக்காரப் பெண் ஒரு மேற்பார்வையாளரோடு வந்தார். இந்த முறை இருவரும் மாடி ஏறினார்கள். மாடி காய்ந்து வெறிச்சோடிக் கிடந்தது. கவிழ்த்த ஜாடிகள், கவிழ்த்த டிரம். மேற்பார்வையாளர் கைப்பேசியில் ஒரு படம் எடுத்தார்.

"இதான் சார் எல்லா வூட்டுலயும் செய்யணும்" என்றார் என்னிடம்.

"அந்தப் புழு எந்த இனம்னு..."

"இப்ப புழுவே இல்லியே சார்."

அவர் இறங்கிப் போன பிறகும் அங்கேயே நின்றேன். எண்ணூர்ப் பக்கத்திலிருந்து புகைவாடையோடு காற்று வந்தது. வானம் கருத்திருந்தது.

மகளுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்தது. ஒரு நாள் அவளுக்குப் பொய் வலி வந்துபோனது. மனைவி போய்ச் சேரும்போது எல்லாம் அடங்கிவிட்டிருந்தது. ஆனால் வழியில், ட்ராஃபிக்கில் நின்ற ஆட்டோவுக்குள், அவள் என்ன நினைத்தாள் என்பதை என்னிடம் சொல்லவே இல்லை. அன்றிலிருந்து என்னோடு பேசுவதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு காலை கைப்பேசி ஒலித்தது. குறுஞ்செய்தி. கொசுத் தொல்லை குறித்த தங்கள் புகாரின் பேரில் கள ஆய்வு செய்யப்பட்டது. கொசு உற்பத்தி இல்லை. புகார் முடித்து வைக்கப்பட்டது.

சமையலறையிலிருந்து வந்த மனைவி என் தோளுக்கு மேலாகப் படித்தாள். எழுத்துக் கூட்டி, இரண்டு முறை.

"கொசு இல்லைன்னு போட்டுக்கீதே!"

"அது வேற கேள்விக்குப் பதில்."

"இன்னா வேற கேள்வி?"

"நான் கேட்டது அந்தப் புழுவைப் பத்தி. இவங்க சொல்றது போன வாரம் காலியா இருந்த மாடியைப் பத்தி. நான் தொட்ட வகை அப்படி."

"கவுர்மெண்டே இல்லைன்னு சொல்லுது. நீங்க எதுக்குங்க கீதுன்னு சொல்றீங்க?" அவள் முகத்தில் அத்தனை வாரங்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சம். அதற்குள் பெரம்பூருக்குப் போன் போட்டுவிட்டாள். படித்துக் காட்டினாள். நடுவில் நிறுத்தி, போனை என் கையில் கொடுத்தாள்.

"அப்பா," என்றாள் மகள், "அம்மா சொல்றது நெஜமா? நீ சொல்லு. நீ சொன்னா நான் வர்றேன்."

வரும்படி சொன்னால், இந்தச் சுவர்களுக்குள் எங்காவது வெள்ளை வரிக் கால்களோடு ஒன்று உட்கார்ந்திருக்கலாம். வேண்டாம் என்றால், அவள் பயத்தோடு அங்கேயே பெற்றெடுப்பாள். வாழ்நாள் முழுவதும் தெரிந்த விதிகளில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. மனைவி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா" என்றேன்.

மதியம் மாப்பிள்ளை அவளை அழைத்து வந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கி, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, அவள் படி ஏறும்போது முதல் தூறல் விழுந்தது. உள்ளே வந்து கொசுவலைக்குள் அவளைப் படுக்க வைப்பதற்குள் மழை வலுத்துவிட்டது. தெருவில் யார் வீட்டிலோ குடத்தை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. மழைத் தண்ணீரைப் பிடிக்கிறார்கள். எங்காவது தண்ணீர் தேங்குகிறதா என்று பார்க்க நான் குடையை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அன்று ஐப்பசி ஒன்றாம் தேதி.